கோணப்பார் குழியும் சடையன் மாமாவும்

எங்கள் குப்பத்தில் சடையன் மாமாவைப் பார்த்து யாரும் "சாப்ட்டியா?" என்று கேட்க மாட்டார்கள். கேட்டால், "இன்னாத்துக்குக் கேக்குற?" என்பார். சாப்பிட்டேன் என்றால் என்ன குழம்பு என்று கேட்பாய், குழம்பு தெரிந்தால் என்ன மீன் என்று கேட்பாய், மீன் தெரிந்தால் எங்கே பிடித்தேன் என்று கேட்பாய், அதுதானே உன் கணக்கு என்று அவருக்குள் ஓடும். வைத்தியர் ஊசி போட வந்தால், மருந்துக் குப்பியை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் கையை நீட்டுவார். மனுஷனுக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும் பார்ப்பார்.

அவர் என் அக்கா எல்லம்மாவின் புருஷன். நான் கோட்டைக்குப்பத்துக்காரன், பழவேற்காட்டு ஏரியில் இறால் தடவிப் பிழைத்தவன். அக்காவை ஏரிக்கும் கடலுக்கும் நடுவே மணல் திட்டில் இருக்கிற இந்தக் குப்பத்தில் கட்டிக்கொடுத்தார்கள். அறுபத்தெட்டில் மாமாவோடு கட்டுமரம் ஏறிக்கொண்டிருந்த ஆள் பட்டணத்து ஹார்பர் வேலைக்குப் போய்விட்டான். அக்கா என்னைக் கூப்பிட்டு அனுப்பினாள். வந்தவன் வந்தவன்தான். இங்கேயே வசந்தாவைக் கட்டிக்கொண்டு, இங்கேயே குடிசை போட்டேன். என் பெயர் மாசிலாமணி. மாமா கோபமாக இருந்தால் முழுப் பெயரும் சொல்வார், நல்ல மனநிலையில் இருந்தால் மச்சான் என்பார். மச்சான் என்று கூப்பிட்ட நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

எங்கள் இரண்டு குடும்பத்துக்கும் சோறு போட்டது கோணப்பார். பார் என்றால் கடலுக்கடியில் கிடக்கிற பாறைத் திட்டு. கரையிலிருந்து கூப்பிடு தூரத்துக்குக் கொஞ்சம் அதிகம். அங்கே வலை வீசினால் பாறையில் மாட்டிக் கிழிந்துவிடும், அலை எழும்பும் நாளில் மரம் போனால் குப்புறக் கவிழும். அதனால் யாரும் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டார்கள். ஆனால் பாறைக்கு நடுவில் ஒரு வீடு அளவுக்குக் குழி இருக்கிறது. மாமாவின் நைனா கண்டுபிடித்த குழி அது. கடல் அடங்கின நாளில் அதற்கு நேர் மேலே கல்லை இறக்கி மரத்தை நிறுத்தித் தூண்டில் விட்டால், களவாவும் சங்கராவும் வரிசையில் நின்று வாயைத் திறக்கும். ஆடி, ஆவணியில் ஊரே வெறும் கூடையோடு திரும்பும்போது எங்கள் இரண்டு வீட்டில் மட்டும் குழம்பு கொதிக்கும். ஐந்து பாகம், அதாவது ஐந்து ஆள் நீளம், தள்ளிப் போட்டாலும் வெறும் பாறைதான். தூண்டில் முள் மாட்டிக்கொண்டு வராது.

அந்தக் குழிக்கு அடையாளம் இரண்டு. கரையில் ஏதோ ஒன்றும் அதற்குப் பின்னால் ஏதோ ஒன்றும் ஒரே கோட்டில் வர வேண்டும். அதே மாதிரி வேறு பக்கத்தில் இன்னொரு ஜோடியும் சேர வேண்டும். இரண்டு கோடும் வெட்டிக்கொள்கிற இடம்தான் குழி. அந்த "ஏதோ" எது என்று மாமா எனக்குச் சொல்லவே இல்லை. குழி நெருங்கியதும், "கெயக்கால பாத்து உக்காருடா" என்பார். நான் கரைக்கு முதுகைக் காட்டி, வெறும் கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்து தூண்டில் விட வேண்டும். திரும்பினால்?

"கரையத் திரும்பிப் பாத்தா மீன் எறங்கிடும். இந்தக் குப்பத்து வழக்கம் அது. உங்க ஏரியில கெடையாது" என்றார்.

நானும் இரண்டு வருஷம் அதை நம்பினேன். பக்கத்து வீட்டு முனியனிடம் ஒரு நாள், "ஏன் அண்ணே, நீங்களும் கிழக்கே பாத்துத்தான் உக்காருவீங்களா?" என்று கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு சிரித்துக்கொண்டே போய்விட்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. உறைத்த பிறகும் பத்து வருஷம் நான் கிழக்கேயே பார்த்து உட்கார்ந்தேன். திரும்பினால் துடுப்பால் அடிப்பார் என்ற பயமில்லை. திரும்பினேன் என்றால், திருடத்தான் வந்தேன் என்று ஆகிவிடுமே. அந்த ரோஷம்தான்.

வசந்தா மட்டும் விடமாட்டாள். "அடையாளம் மட்டும் தெரிஞ்சா நாம தனியா ஒரு மரம் கட்டிக்கலாம். உங்க மாமாகிட்ட இன்னும் எத்தினி நாளிக்கி முதுகக் காட்டிகினு உக்காருவ?" என்பாள். 

எண்பதாம் வருஷம் ஆடி மாசம் அந்த வெள்ளைக்காரன் வந்தான். அப்போதுதான் வடக்கே தீவிலிருந்து ராக்கெட் விட்டிருந்தார்கள். ஊரெல்லாம் அதே பேச்சு. பொன்னேரியிலிருந்து வருகிற பஸ் கூரையில் ஆள் நீளத்துக்கு ஒரு பலகையைக் கட்டி எடுத்துக்கொண்டு வந்து, படகில் ஏரியைத் தாண்டி எங்கள் கரைக்கு வந்துவிட்டான். பலகை வெள்ளையாக, வழவழவென்று, அடியில் சுறா முதுகுத் துடுப்பு மாதிரி ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. ஆள் ஆஸ்திரேலியாக்காரன், பெயர் கிரகாம் என்று பழவேற்காட்டுக் கடைத்தெருவில் கடை வைத்திருந்த அப்துல் லத்தீப் பாய் சொன்னார். பாய் இருபது வருஷம் கப்பலில் சமையல்காரராக இருந்தவர், இங்கிலீஷ் தண்ணி பட்ட பாடு. எங்கள் வாயில் கிரகாம் இரண்டே நாளில் கிராமம் ஆகிவிட்டான்.

பொன்னேரியிலிருந்து ஒரு போலீஸ்காரர் வந்து பாஸ்போர்ட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, ஒரு இளநீர் குடித்துவிட்டுப் போனார். போலீசுக்குத் தீர்ந்த சந்தேகம் மாமாவுக்குத் தீரவில்லை.

"பலகைல படுத்துகினு போறதுக்கு அம்மாந் தொலைவுலேர்ந்து ஒருத்தன் வருவானாடா?" என்றார். "இதுல இன்னாவோ கீது."

கிராமம் தினமும் பாய் கடையில் ஒரு மெழுகுவர்த்தி வாங்குவான். விடிந்து வெயில் வந்த பிறகு மெழுகுவர்த்தி! அதைக் கொளுத்தவும் மாட்டான். பலகையின் மேல் போட்டுத் தேய் தேயென்று தேய்ப்பான். மந்திரம் என்றாள் மீன்கூடைக் கோவிந்தம்மா. கால் வழுக்காமல் இருக்கத்தான் என்று பாய் விளக்கிச் சொன்ன பிறகும், மாமா அந்த மெழுகில் ஒரு துண்டைப் பொறுக்கி வந்து மூன்று நாள் இடுப்பில் முடிந்து வைத்திருந்தார்.

பிறகு அவன் கடலில் இறங்கினான். நேராகப் போன இடம் கோணப்பார்.

நான் ஒன்று சொல்லியாக வேண்டும். அவன் அலை மேல் போனது அழகு. சும்மா சொல்லக் கூடாது. மணல் கரையில் அலை இன்றைக்கு ஒரு இடத்தில் விழும், நாளைக்கு வேறு இடத்தில் விழும். பாரில் அப்படியில்லை. பாறை நகராதே. அலை ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் எழும்பி, அதே பக்கமாக, கோரைப்பாய் சுருட்டுகிற மாதிரி ஓரத்திலிருந்து உருண்டு வரும். அவன் அதற்கு முன்னாலேயே போய்ப் பலகை மேல் குந்திக்கொண்டு காத்திருப்பான். அலை முதுகைத் தூக்குகிற நேரம் கையால் நாலு தடவை துழாவி, சட்டென்று எழுந்து நின்று, உருண்டு வருகிற நுரைக்கு ஒரு முழம் முன்னாலேயே வழுக்கிக்கொண்டு போவான். விழுந்தால் காலை ஊன்ற மாட்டான், தட்டையாக விழுவான். கீழே பாறையும் கடல் முள்ளும் இருக்கிறதே. வத்தத்தில் போக மாட்டான், தண்ணீர் ஏறின பிறகுதான் போவான். கான்வாஸ் செருப்பு மாட்டியிருப்பான். ஊர் மொத்தமும் கரையில் நின்று வாயைப் பிளந்துகொண்டு பார்த்தது. பெண்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டுப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன்.

மாமா அலையைப் பார்க்கவில்லை. அவன் கண்ணைப் பார்த்தார்.

"கவனிச்சியா? ஒரு அலை போனதும் திரும்பிக் கரையப் பாக்குறான். மறுபடி பாக்குறான். ஒரே எடத்தப் பாக்குறான்."

உண்மைதான். பலகையில் குந்தியிருக்கிற நேரமெல்லாம் அவன் கழுத்தைத் திருப்பிக் கரையோரத்து ஒற்றைப் பனையைப் பார்த்தான். கடலில் இறங்கும்போது தன் சிவப்புப் பையை அந்தப் பனையில் அடித்திருந்த ஆணியில் மாட்டிவிட்டுத்தான் போவான்.

"பனைல சிவப்பா கட்டி வெச்சிருக்கான். கோணப்பார்ல போய் உக்காந்துகினு பனையப் பாக்குறான். புரிதா?"

எனக்குப் புரியவில்லை. நான்தான் பன்னிரண்டு வருஷமாகக் கிழக்கே பார்த்தவனாயிற்றே. மாமா வாயைக் கடித்துக்கொண்டார். சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டோம் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. 

அடுத்த வாரம் அம்மன் கோயிலில் கூழ் ஊற்றினார்கள். ஊரில் ஒரு ஈ காக்கை இல்லாமல் எல்லோரும் கோயில் வாசலில். பம்பை அடிக்கிற சத்தம் ஏரிக்கு அந்தப் பக்கம் கேட்கும். கிராமமும் மெழுகுவர்த்தி வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தான். மத்தியானம் கூழ் குடித்துவிட்டுத் திரும்பியபோது ஒற்றைப் பனை மணலில் நீட்டிப் படுத்திருந்தது.

யார் வெட்டினது என்று ஊர் முழுக்கக் கேள்வி. பொது மரத்தை வெட்டினால் குப்பத்தில் சும்மா விடமாட்டார்கள். அன்றைக்குச் சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனேன். அக்கா மாமாவின் உள்ளங்கையை மடியில் வைத்துக்கொண்டு ஊக்கால் எதையோ நோண்டி எடுத்துக்கொண்டிருந்தாள். பனஞ்சிலாம்பு. கை நிறைய. அக்கா என்னைப் பார்த்தாள், நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா கதவைக் காலால் தள்ளிச் சாத்தினாள்.

மூன்றாம் நாள் கடல் அடங்கியது. மாமா என்னை எழுப்பி மரத்தைத் தள்ளச் சொன்னார். முகத்தில் ஒரு தெளிச்சி. "கிராமம் இன்னிமே முழிக்கட்டும்" என்றார். இருபது வருஷம் போன இடம், கண்ணைக் கட்டிவிட்டாலும் போவேன் என்று நினைத்திருப்பார்.

கல்லை இறக்கினோம். பாறை. முள் மாட்டி அறுந்தது. கல்லைத் தூக்கி இன்னும் கொஞ்சம் வடக்கே போனோம். பாறை. தெற்கே வந்தோம். பாறை. வெயில் உச்சிக்கு வந்தபோது ஒன்பது முள் போயிருந்தது, மீன் ஒன்று இல்லை. நான் கிழக்கே பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். முதுகுக்குப் பின்னால் மாமா மூச்சு வாங்குகிற சத்தம் கேட்டது. அப்போதுதான் எனக்குப் பளிச்சென்றது. பனைதான் அடையாளம்! பனையும் அதற்குப் பின்னால் தூரத்தில் நிற்கிற பழவேற்காட்டு லைட்ஹவுசும் ஒரு கோடு. பன்னிரண்டு வருஷம் கழித்து எனக்குத் தெரிந்த முதல் அடையாளம் அப்போது கரையில் விறகாகக் கிடந்தது. யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட கதை.

எனக்குச் சிரிப்பு வந்தது. உடனே அடுப்பு ஞாபகம் வந்தது. ஆடியில் பாதிதான் போயிருந்தது. ஆவணி முழுக்கக் கிடக்கிறது. குழி இல்லாவிட்டால் இரண்டு வீட்டிலும் ஒன்பது வாய்க்கு என்ன வழி?

பனை நின்ற இடத்தில் ஒரு கம்பு நட்டால் தீர்ந்தது. ஆனால் கம்பு நட்டால், கம்பு எதற்கு என்று ஊர் கேட்குமே. என்னைக் கரையில் அந்த இடத்தில் நிற்க வைத்துவிட்டு அவர் மட்டும் கடலில் போய்ப் பார்க்கலாம். ஆனால் எனக்குத் தெரிந்துவிடுமே. அக்காவை நிற்க வைக்கலாம். ஆனால் பொம்பளை வாய் ஆயிற்றே. இப்படி எந்தக் கதவைத் திறந்தாலும் அவருடைய சந்தேகமே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டது. ஒரு வாரம் பாறையைத் தட்டிக்கொண்டு அலைந்தோம். அக்கா வீட்டில் ஒரு வேளை அடுப்பு நின்றது. என் வீட்டில் வசந்தா பாத்திரத்தை வைக்கிற சத்தத்திலேயே எல்லாம் தெரிந்தது.

கிராமமோ வழக்கம்போல அலை வந்த நாளெல்லாம் கோணப்பாருக்குப் போய்வந்தான். பனை போனது அவனுக்கு ஒரு பொருட்டாகவே இல்லை. பையை மாட்ட இடமில்லாததால் அதை என் அக்கா கையில் கொடுத்துவிட்டுக் கும்பிடு போட்டுவிட்டு இறங்கினான். அக்கா அதை மடியில் வைத்துக்கொண்டு வலை பின்னினாள்.

"அதுக்குள்ள இன்னா கீதுன்னு பாத்தியா?" என்று மாமா கேட்டார்.

"அடுத்தவன் பையை நான் ஏன் பாக்கணும்?" என்றாள் அக்கா.

இதற்குள் பனையை வெட்டினது வெள்ளைக்காரன்தான் என்று ஒரு பேச்சு கிளம்பியது. யார் கிளப்பினார்கள் என்று எனக்குத் தெரியாது. மாமா அதை மறுக்கவில்லை, அது மட்டும் தெரியும். அதற்காக அவர் மேல் எனக்கு வந்த ஆத்திரம் இன்றைக்கும் ஆறவில்லை. நாட்டாண்மை சின்னதம்பி, லத்தீப் பாயைக் கூட்டி வரச் சொல்லி, கோயில் வாசல் மணலில் ஊரை உட்கார வைத்து, கிராமத்தை நடுவில் நிறுத்தினார்.

"பனையை நீ வெட்டினியான்னு கேளுங்க பாய்" என்றார் நாட்டாண்மை.

பாய் கேட்டார். அவன் பதறிப்போய் நிறையப் பேசினான். பாய் எங்களுக்குச் சொன்னார்: "இல்லவே இல்லைங்குறாரு. அந்த மரம் போனதுல அவருக்குத்தான் நஷ்டமாம். முன்னாடி தங்குன ஊர்ல கேமராவ எவனோ தூக்கிகினு போயிட்டான். அதனால இங்க கடல்ல இருக்கும்போதெல்லாம் திரும்பித் திரும்பிப் பையையே பாத்துகினு இருந்தாராம். நீங்கள்லாம் திருடுவீங்கன்னு நெனச்சிட்டேன், மன்னிக்கணுங்குறாரு. இப்ப அந்த அம்மா வெச்சிக்கிறாங்க, நான் திரும்பிக்கூடப் பாக்குறதில்லைங்குறாரு."

கூட்டம் சிரித்தது. எங்களை அவன் சந்தேகப்பட்டதில் ஒருவருக்கும் கோபம் வரவில்லை. நான் மாமாவைப் பார்த்தேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். பேய் வெறும் பையாகிவிட்டதில் அவர் முகம் வெளிறிப்போயிருந்தது.

"சரி, அப்படி இன்னாதான் கீது அந்தப் பார்ல? தெனமும் போறாரே" என்று யாரோ கேட்டார்கள்.

கிராமத்துக்கு முகம் மலர்ந்துவிட்டது. பேசிக்கொண்டே குனிந்து, விரலால் மணலில் கீறத் தொடங்கினான். பாய் கூடவே சொல்லிக்கொண்டு வந்தார். "புதுசா கத்துக்கிறவன் இங்க வந்தா பாறை கீறிடுமாம். பெரிய கில்லாடி வந்தா அவனுக்கு இந்த அலை பத்தாதாம், கொட்டாவி விடுவானாம். இவர மாதிரி நடுவாந்தரமா தெரிஞ்சவனுக்குத்தான் இது அளவெடுத்துத் தச்ச சட்டையாம்."

"நம்ம பாரு நடுவாந்தரமா?" என்று முனியனுக்கு ரோஷம் வந்துவிட்டது. "தை மாசம் வாடைக் காத்துல வந்து பாக்கச் சொல்லு!"

கிராமம் கீறிக்கொண்டே இருந்தான். இது வடக்குப் பாறைத் தலை, இங்கே அலை எழும்பும். இப்படி உருண்டு வரும். இது தெற்குத் தலை. இரண்டுக்கும் நடுவில் விரலால் ஒரு வட்டம் போட்டான். பாய் சொன்னார்: "இந்த எடத்துல மட்டும் அலை செத்துடுமாம். ரெண்டு பக்கமும் நுரை பொங்குமாம், இங்க மட்டும் தண்ணி கறுப்பா, சொம்மா மேலயும் கீழயும் ஆடுமாம். அப்ப கீழ ஆழமா குழி இருக்கணுங்குறாரு. சவாரி முடிச்சதும் அங்கதான் போய் உக்காந்து மூச்சு வாங்கு..."

பாய் முடிக்கவில்லை. மாமா எழுந்து ஓடி வந்து, காலால் அந்தப் படத்தை அழித்தார். ஒரு தடவை இல்லை. மணல் பறக்கப் பறக்க, வட்டம் இருந்த இடத்தைத் தேய்த்துத் தேய்த்து அழித்தார்.

எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்று சொன்ன பிள்ளையின் கதைதான்.  கிராமம் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டு பாயைப் பார்த்தான். நாட்டாண்மை மாமாவின் கையைப் பார்த்தார். சிலாம்பு குத்தின புண் இன்னும் ஆறவில்லை. அவருக்குப் புரிந்துவிட்டது. எல்லோருக்கும் புரிந்துவிட்டது.

முனியன்தான் பேசினார். சிரித்துக்கொண்டு பேசவில்லை, மெதுவாகத்தான் பேசினார். "சடையா, எத்த அழிக்கிற? உன் குழி எங்க கீதுன்னு எங்களுக்குத் தெரியாதா?"

மாமா நிமிர்ந்தார்.

"உங்க நைனா காலத்துலேர்ந்து தெரியும். அவரு கண்ட குழி அது. ஒருத்தன் கண்ட குழில இன்னொருத்தன் தூண்டி வுட்டா, அவன் வூட்டு அடுப்புல கைய வெக்கிற மாதிரி. எவனாவது வந்தானா? இத்தினி வருசத்துல ஒரு மரம் அங்க நின்னு நீ பாத்திருக்கியா?"

"எப்டித் தெரியும்?" மாமாவின் குரல் கம்மியது. "யார் சொன்னா?"

பதில் சொன்னது என் அக்கா. கூட்டத்தின் ஓரத்தில், மடியில் சிவப்புப் பையோடு உட்கார்ந்திருந்தாள். "யாரு சொல்லணும்? நீ கடல்லேர்ந்து பனையப் பாத்தா, பனைலேர்ந்து நீ தெரிய மாட்டியா? கண்ணாலம் ஆன நாள்லேர்ந்து நான் அந்த மரத்தடிலதான நின்னு பாக்குறேன். நீ கல்லத் தூக்குனா வந்து ஒலை வெப்பேன். இல்லன்னா சோறு எப்டி சுடச்சுட இருக்கும்?"

பெண்கள் எல்லோரும் ஆமாம் என்று தலையாட்டினார்கள். கோவிந்தம்மாவுக்குத் தெரியும். முனியன் பெண்டாட்டிக்குத் தெரியும். வசந்தா என்னைப் பார்த்தாள், அவள் முகத்தில் ஈயாடவில்லை. அவளும் இந்தக் குப்பத்தில் பிறந்தவள்தான். ஆனால் நாங்கள் இரண்டு பேரும் அடையாளம் என்றால் கடலுக்குள் போய்த்தான் தெரிந்துகொள்ள முடியும் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். மாமாவோடு அங்கேயே போய்வருகிறவனுக்குத் தெரியாமலா இருக்கும் என்று மற்றவர்களும் எங்களிடம் சொல்லவில்லை. ஆக, மாமா கட்டிக்காத்தது இந்தக் குப்பத்தில் ஒரே ஒரு வீட்டுக்கு மட்டும்தான் ரகசியமாக இருந்தது. அது என் வீடு.

நாட்டாண்மை தீர்ப்புச் சொன்னார். வெட்டின பனைக்குப் பத்துப் பனங்கொட்டை நட வேண்டும். வெள்ளைக்காரரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். மாமா இரண்டுக்கும் தலையாட்டினார். கிராமத்துக்கு முன்னால் போய் நின்று கையைக் கூப்பினார். அவன் ஒன்றும் புரியாமல் தானும் கூப்பினான்.  அவர் மேல் எனக்குப் பரிதாபமும் கோபமும் சேர்ந்து வந்தது, எது அதிகம் என்று என்னால் பிரிக்க முடியவில்லை.

மறுநாள் காலையில் சின்ன அலை. கிராமம் முன்னாலேயே போயிருந்தான். நாங்கள் மரத்தைத் தள்ளிக்கொண்டு போனோம். அவன் ஒரு அலையில் எழுந்து நின்று, வடக்குத் தலையிலிருந்து வழுக்கி வந்து, அலை செத்த இடத்தில் மெல்ல உட்கார்ந்தான். கறுப்புத் தண்ணீர். எங்களைப் பார்த்து, இங்கேதான் என்று கையைக் காட்டிவிட்டு, மீன் கலையக் கூடாது என்று நினைத்தானோ என்னவோ, துழாவிக்கொண்டு தூரமாகப் போய்விட்டான். கல்லை இறக்கினோம். கல் பாறையில் தட்டாமல் போய்க்கொண்டே இருந்தது. மாமா கண்ணை மூடிக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் ஒரு களவா இழுத்தது.

நான் அப்போதுதான் கேட்டேன். கூழ் ஊற்றின நாளிலிருந்து கேட்க வேண்டும் என்று இருந்ததைக் கேட்டேன். அதற்கும் முன்னாலிருந்தே இருந்ததைக் கேட்டேன்.

"மாமா, பன்னண்டு வருசம் என்னையத் திருடன்னா நெனச்ச?"

அவர் முள்ளில் இரை கோத்துக்கொண்டிருந்தார். கோத்து முடித்து, நூலை ஒரு தடவை இழுத்துப் பார்த்தார்.

"திருடன்னு நெனைக்கலடா."

"பின்ன?"

"அடையாளம் தெரிஞ்சா நீ தனியா மரம் கட்டிக்கினு போயிடுவ. அப்பறம் என்கூட யாரு வருவா? எங்கூட ரெண்டு நாள் ஏறுனவன் எல்லாம் ஓடிட்டான். நீ ஒருத்தன்தான் நின்ன." தூண்டிலைத் தண்ணீரில் விட்டார். "இப்பச் சொல்லு. தெரிஞ்சிருந்தா போயிருப்பியா, மாட்டியா?"

இந்த ஊரில் அத்தனை பேர் மேலும் அவர் பட்ட சந்தேகம் தப்பு. முனியன் மேல் பட்டது தப்பு, அக்கா மேல் பட்டது தப்பு, எங்கிருந்தோ வந்த அந்த அப்பாவி மேல் பட்டது தப்பு. என் மேல் பட்டது மட்டும் சரி. போயிருப்பேன். அடையாளம் தெரிந்திருந்தால் இரண்டாம் வருஷமே மரம் கட்டிக்கொண்டு போயிருப்பேன். எங்கே கட்டுவது, யாரிடம் கட்டை வாங்குவது என்று நானும் வசந்தாவும் எத்தனையோ தடவை பேசி முடித்துவிட்ட விஷயம் அது.

"மாட்டேன் மாமா" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். ஏன் என்று கேட்பார், நிஜமாகவா என்று கேட்பார் என்று காத்திருந்தேன். "சரி மச்சான்" என்றார். அவ்வளவுதான். நம்பிவிட்டார்.

கிராமம் ஆவணிக் கடைசியில் பலகையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். நான் அந்த மரத்திலேயே இன்னும் எட்டு வருஷம் போனேன், எண்பத்தெட்டில் மாமா மஞ்சள் காமாலையில் சாகிற வரைக்கும். குழி தெரிந்துவிட்டது, கையில் கொஞ்சம் வசதியும் வந்துவிட்டது, வசந்தா திட்டாத நாளில்லை. ஆனால் எப்படிப் போவது? அந்த மனுஷன் வாழ்நாளில் நம்பினது அந்த ஒரு வார்த்தையைத்தான், அதுவும் நான் சொன்ன பொய்.